ஆற்காடு டெல்லி கேட்டிலிருந்து கிளைவ் ஊருக்கு: இங்கிலாந்துக் கிராமப்புறம் சுற்ற வழி சொல்லுங்கள்

பாலாற்றங்கரை (ஏப்ரல் 6)

எல்லோருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு ஆற்காடு. மகள் நர்ஸ். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் டெல்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கிறாள். போன தடவை நானும் வீட்டுக்காரம்மாவும் போய் மூன்று மாதம் இருந்தோம். நல்ல குளிர்காலம். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டி வருவது, மிச்ச நேரம் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பது, இதோடு சரி. இந்தத் தடவை மே மாதம் கிளம்புகிறோம். கொஞ்சம் ஊர் பார்க்கலாம் என்று ஆசை.

லண்டன் எல்லாம் வேண்டாம். நான் தேடுவது வேறு.

சின்ன வயதில் பாலாற்று மணலில் ஆடிவிட்டு டெல்லி கேட் நிழலில்தான் உட்காருவோம். ஆற்காட்டுக் கோட்டை என்று சொல்லிக்கொள்ள மிச்சம் நிற்பது அந்த வாசல்தான். மேலே இருக்கும் அறையைக் கிளைவ் ரூம் என்பார்கள். 1751-ல் 200 வெள்ளைக்காரர்களையும் 300 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ராபர்ட் கிளைவ் கோட்டையைப் பிடித்ததும், அப்புறம் சந்தா சாகிப் மகன் ராஜா சாகிப் வந்து 50 நாள் முற்றுகை போட்டதும் எங்கள் வாத்தியார் வாயால் கேட்டது. யானைகளின் நெற்றியில் இரும்புத் தகடு கட்டி வாசலை இடிக்க விட்டார்களாம். குண்டு பாய்ந்ததும் அவை திரும்பித் தம் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடினவாம். அரிசி தீரப்போன நேரத்தில் நம் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சியைத் தாங்கள் குடித்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. "அந்தக் கஞ்சியையும் சோற்றையும் மாற்றிக் கொடுத்திருந்தா நமக்கு இவ்வளவு பாடு இல்லையே" என்பாள் என் அம்மா.

இதெல்லாம் தெரிந்த எனக்கு, மகள் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் கிளைவ் பிறந்த இடமும் புதைத்த இடமும் என்று ஊருக்குத் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்தது. மருமகன் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

மூன்று சந்தேகம். மகள், மருமகன் இரண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. காருக்கு அவர்களை எதிர்பார்க்க முடியாது. பஸ், ரயிலில் கிராமங்களுக்குப் போக முடியுமா? அடுத்தது சர்ச். நாங்கள் இந்துக்கள். உள்ளே விடுவார்களா, யாரிடமாவது கேட்க வேண்டுமா? மூன்றாவது கொஞ்சம் வெட்கமான விஷயம். போன தடவை ஒரு நாள் வெயில் அடித்ததே என்று தனியாக நடந்தேன். வீடுகள் முடிந்த இடத்தில் வேலி. வேலியைத் தாண்ட இரண்டு பலகை அடித்துப் படி மாதிரி வைத்திருந்தார்கள். பக்கத்துக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி. அம்பு காட்டிய பக்கம் பார்த்தால் நேராக ஒருத்தருடைய கழனி! பச்சைப் பயிர் முளைத்திருக்கிறது. நம் ஊரில் அப்படி இறங்கினால் கம்பை எடுத்துக்கொண்டு வருவார்கள். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். யாராவது வந்தால் கேட்கலாம் என்று பார்த்தேன். ஒருத்தரும் வரவில்லை, திரும்பிவிட்டேன். அது என்ன அம்பு?

குடியாத்தம் பொண்ணு (ஏப்ரல் 6)

அங்கிள், நானும் நர்ஸ்தான், டெல்ஃபோர்டிலிருந்து பக்கத்தில் ஷ்ரூஸ்பரியில் இருக்கிறேன்.

அந்த மஞ்சள் அம்பு உங்களுக்காகத்தான் அடித்தது! பொது நடைபாதை என்று அர்த்தம். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தத் தடத்தில் நடந்து போக எல்லோருக்கும் உரிமை உண்டு. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரலாம். வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதால்கூட 14 நாளுக்குள் மறுபடி நடக்கிற மாதிரி சரி செய்து தர வேண்டும். அது சட்டம். நானும் வந்த புதிதில் உங்களை மாதிரிதான் பயந்தேன். ஒரு கிழவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சரி, திட்டப்போகிறார் என்று நினைத்தால், "பாதை அந்த மரத்துக்கு இடது பக்கம்" என்று காட்டிவிட்டுப் போனார். இரண்டு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் திறந்த கேட்டை நீங்களே திரும்பச் சாத்த வேண்டும். கன்றுக்குட்டியோடு மாடு நிற்கிற வயல் என்றால் ஒதுங்கிச் சுற்றிப் போங்கள்.

கிளைவ் சமாதி மார்டன் சே என்கிற கிராமத்துச் சர்ச்சில். மார்க்கெட் டிரெய்ட்டன் டவுனிலிருந்து மேற்கே 3 மைல். ஷ்ரூஸ்பரியிலிருந்து டவுனுக்குப் பஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் நம்பாதீர்கள். புதன்கிழமை போங்கள். அன்றைக்குச் சந்தை. 1245-ல் அரசர் கொடுத்த அனுமதியின் பேரில் இன்னும் புதன்கிழமையே நடக்கிறது. நம் பக்கத்து வாரச் சந்தை மாதிரி பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், நாலு தெருவுக்குள் முடிந்துவிடும். அந்த டவுன் சர்ச் கோபுரத்தைத்தான் கிளைவ் சின்னப் பையனாக இருக்கும்போது ஏறி, மழைத்தண்ணி கொட்டுகிற கல் பூத முகத்தின் மேல் உட்கார்ந்து வேடிக்கை காட்டினானாம். நிமிர்ந்து பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கியது.

சர்ச்சுக்கு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பகலில் பல கிராமத்துச் சர்ச்சுகள் திறந்தே இருக்கும். ஆளே இருக்காது. கதவில் பெரிய இரும்பு வளையம் இருக்கும், திருகித் தள்ள வேண்டும். கனமாக இருக்கும், பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். எங்கள் அம்மா கழற்றிவிட்டுப் போய்க் கல் தரையில் கால் விறைத்துப்போனது.

சங்கிலி மேன் (ஏப்ரல் 7)

சார், நான் சர்வே துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், வாலாஜா. மகன் இங்கிலாந்தில் இருப்பதால் இரண்டு தடவை போய் வந்தேன். தங்கை சொன்ன பாதை விஷயம் சரி. ஆனால் கையில் மேப் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் என்று கேளுங்கள், ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. பச்சைக் கோடு கோடாகப் போகிறதே, அதுதான் நடைபாதை. வேலிகூட ஒவ்வொன்றாகக் காட்டியிருப்பான். ஒவ்வொரு நிலத்தின் அளவும் காட்டும் நம் எஃப்.எம்.பி. புலப்படத்தை ஊர் ஊராக ஒட்டி, மேடு பள்ளமும் போட்டு, கடையில் வைத்து விற்றால் எப்படி இருக்கும்? அப்படி. நம் படத்திலும்தான் வண்டிப்பாதை இருக்கிறது. தரையில் போய்ப் பார்த்தால் அதில் மாடி வீடு நிற்கும். அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்ட வேண்டாம்.

படத்தில் எழுத்தைக் கவனியுங்கள். பழைய காலத்து மண்மேடு, அகழி, கோட்டை எல்லாம் வளைந்து வளைந்து பழைய பாணி எழுத்தில் இருக்கும். ரோமானியர் காலத்தது என்றால் மட்டும் நேர் பெரிய எழுத்து. எழுத்தின் உருவத்தை வைத்தே எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். சர்ச்சுக்கும் அப்படி. கறுப்புச் சதுரத்தின் மேல் சிலுவை என்றால் கோபுரம் உள்ளது. வட்டத்தின் மேல் சிலுவை என்றால் ஊசிக் கோபுரம். வெறும் சிலுவை என்றால் இரண்டும் இல்லை. ஊருக்குள் நுழையும் முன்பே எதைத் தேடி நிமிர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ரோமானியர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஷ்ரூஸ்பரிக்குத் தென்கிழக்கே ராக்ஸ்டர் என்ற இடத்தில் ஒரு ரோமானிய நகரமே இருந்து மண்ணாகிவிட்டது. குளியல் மண்டபத்தின் சுவர் ஒன்று மட்டும் வயல் நடுவில் ஒற்றையாக நிற்கிறது. நம் டெல்லி கேட் மாதிரியேதான்.

கோட்டை மைதானம் (ஏப்ரல் 7)

மன்னிக்கணும் ஐயா, கேட்காமல் இருக்க முடியவில்லை. கிளைவ் சமாதியைப் பார்க்கவா இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள்? 1770 வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். அதற்கு முன்னால் கம்பெனி அங்கே அடித்த கொள்ளையில் முதல் பங்கு யாருடையது? ஷ்ரூஸ்பரி நடுச் சதுக்கத்தில் அந்த ஆளுக்குச் சிலை வேறு. 2020-ல் எடுக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர்களே மனு போட்டார்கள், எடுக்கவில்லை. நான் வேலூர். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த கோட்டை இங்கே இருக்கிறது. நினைவுத் தூணுக்கு முன்னால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

பாலாற்றங்கரை (ஏப்ரல் 8)

தம்பி, கோபம் நியாயம். தூணை நான் பார்க்காமல் இல்லை. அன்றைக்கு அந்தச் சிப்பாய்களை அடக்க வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு கிளம்பியது எங்கள் ஆற்காட்டிலிருந்துதான். அந்தக் கெட்ட பெயரும் எங்கள் ஊருக்கு உண்டு. நான் மாலை போடப் போகவில்லை. நம் வீட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போனவன் வீடு எப்படி இருக்கிறது என்று ஒருத்தனுக்குப் பார்க்கத் தோன்றாதா? அவ்வளவுதான்.

தங்கச்சிக்கும் சர்வே சாருக்கும் நன்றி. மேப் வாங்க மருமகனிடம் சொல்லிவிட்டேன்.

பழைய தாள் (ஏப்ரல் 9)

பாத்திரம் என்றீர்களே, அது இருக்கும் இடம் கிளைவ் பிறந்த ஊர் இல்லை. அங்கிருந்து எல்லை தாண்டி வேல்ஸில், போவிஸ் கோட்டையில் இருக்கிறது. ஷ்ரூஸ்பரியில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் வெல்ஷ்பூல். இறங்கி நடந்தே போகலாம். கிளைவும் அவர் மகன் எட்வர்டும் சேர்த்த 300-க்கும் மேற்பட்ட பொருட்கள் அங்கே. எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அவர் காலத்தில்தான். அதனால் திப்புவின் சிம்மாசனத்துப் புலித்தலை ஒன்றும், அவருடைய பூப்போட்ட துணிக் கூடாரமும் அங்கே போய்ச் சேர்ந்தன. கூடாரம் அங்கே போனது, குடும்பத்தைக் கொண்டுவந்து அடைத்தது நம் வேலூர்க் கோட்டையில். அவர்கள் சமாதிகள் கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கின்றன. வேலூர்த் தம்பி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டேனரிக்காரர் என்பதால் உங்களுக்கு இன்னொன்று. ஷ்ரூஸ்பரியில் மாவட்டத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாள், நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். பேனா கூடாது, பென்சில்தான். பழைய நிலப் பத்திரம் ஒன்று பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லாம் தோலில் எழுதியது. 1086-ல் நாடு முழுக்க நிலக் கணக்கு எடுத்த டூம்ஸ்டே புத்தகமும் செம்மறித் தோல்தான். 12-ஆம் நூற்றாண்டில் அரசுக் கருவூலத்துக்கு எழுதிய கையேட்டிலேயே கணக்கைச் செம்மறித் தோலில் எழுதுங்கள், அதில் அழித்துத் திருத்தினால் தெரிந்துவிடும் என்று இருக்கிறது. ஏன் தெரிந்துவிடும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை (ஜூன் 19)

போய்ப் பார்த்துவிட்டேன். எழுதத் தாமதமாகிவிட்டது, பேத்தியின் லேப்டாப்பில் தமிழ் வர ஒரு வாரம் ஆனது.

முதலில் தோல். சொல்கிறேன். வெள்ளாட்டுத் தோல் கெட்டி, மேலும் கீழும் ஒரே கட்டாக இருக்கும். செம்மறி அப்படி இல்லை. மேல்படலத்துக்கும் அடிப்படலத்துக்கும் நடுவில் கொழுப்பு ஓடும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி அந்தக் கொழுப்பு போனதும் அந்த இடம் காலியாகிவிடும். அப்புறம் லேசாக நெருடினாலே மேல்படலம் தனியாகப் பெயரும். எங்கள் டேனரியில் அது பெரிய குறை. விரலால் மடக்கிப் பார்த்து, மேலே சுருக்கம் விழுந்தால் தரம் குறைத்துத் தனியாகப் போடுவோம். அந்தக் குறைக்காக நான் கழித்த தோல் கணக்கில்லை. அந்தக் குறைக்காகவே தேடி வாங்கியிருக்கிறார்கள் இந்த ஊர்ப் பத்திரக்காரர்கள்! எழுத்தைச் சுரண்டி மாற்றப் பார்த்தால் மேல்படலம் உரிந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 34 வருடத்தில் எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

காப்பகத்தில் ஒரு பெண்மணி பத்திரத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்து, ஓரத்தில் கனமான மணிச்சரம் வைத்தார், சுருண்டுகொள்ளாமல் இருக்க. மேல் விளிம்பு அலை அலையாக வெட்டியிருந்தது. ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி, நடுவில் வளைத்து வெட்டி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வார்களாம். தகராறு வந்தால் இரண்டு விளிம்பும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். எழுத்து எனக்குப் படிக்கவரவில்லை. நான் தோலைப் படித்தேன். ஒரு பக்கம் கொஞ்சம் மஞ்சள், குனிந்து பார்த்தால் புள்ளி புள்ளியாக மயிர்க்கால் தடம். அது மயிர்ப்பக்கம். மறுபக்கம் வெளுப்பு, அது சதைப்பக்கம். நம் ஆவாரம்பட்டை, கடுக்காய் எதுவும் படாத தோல். சுண்ணாம்பில் போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சீவி, அப்படியே காயவிட்டது. இழுத்துக் கட்டும்போது ஒரு மூலையில் சின்னக் கிழிசல் விழுந்திருக்கிறது. எழுதியவர் அதைச் சுற்றி வளைத்து எழுதிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பெண்மணியிடம் மயிர்க்கால் தடத்தைக் காட்டினேன். இத்தனை வருடமாக வெறும் அழுக்கு என்று நினைத்தேன் என்றார்.

மார்டன் சே போனது புதன்கிழமை. டவுனில் இறங்கிச் சந்தையில் இஞ்சி பிஸ்கட் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்காரம்மாவுக்கு மூட்டு வலி, அதனால் அவளும் பேத்தியும் டாக்ஸியில் முன்னால் போனார்கள். நான் மட்டும் மேப்பைப் பிடித்துக்கொண்டு கொல்லைகள் வழியாக நடந்தேன். அதே மஞ்சள் அம்பு. கோதுமை இடுப்பு உயரம், நடுவில் ஒரு ஆள் போகிற அகலத்துக்குப் பாதை விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கேட்டாகத் திறந்து சாத்தினேன். ஓர் இடத்தில் ஐம்பது அறுபது செம்மறிகள் எழுந்து நின்று என்னையே பார்த்தன. பழக்க தோஷம், நான் தோலைத்தான் பார்த்தேன்.

செங்கல் சர்ச். வாசல் கூண்டில் கம்பி வலைக் கதவு. பறவை உள்ளே சிக்கிக்கொள்ளும், சாத்திவிடுங்கள் என்று கையால் எழுதிய அட்டை. அப்புறம் அந்த வளையம். தங்கச்சி சொல்லியிராவிட்டால் பூட்டு என்று திரும்பியிருப்பேன். இரண்டு கையாலும் திருகினேன். உள்ளே ஒருத்தரும் இல்லை. மெழுகு வாசனை, பழைய மர வாசனை. பெஞ்சுகளில் முழங்கால் போடப் பூத்தையல் போட்ட மெத்தைகள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. வீட்டுக்காரம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சமாதி என்று ஒன்றும் இல்லை தம்பி. கல் இல்லை, மேடை இல்லை. இந்தச் சுவர்களுக்குள் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று சுவரில் ஒரு பித்தளைத் தகடு. 1725 செப்டம்பர் 29 பிறப்பு, 1774 நவம்பர் 22 இறப்பு, இந்தியாவில் முதலாமவர் என்று லத்தீனில் ஒரு வரி. பேத்தி தரையைக் குனிந்து குனிந்து பார்த்து, "எந்த இடம் தாத்தா?" என்றாள். தெரியாது என்றேன். அவள் நின்ற இடத்திலிருந்து நகர்ந்து நின்றாள். அங்கேயும் இருக்கலாம் என்றேன். கடைசியில் பெஞ்சு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பார்வையாளர் நோட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஊர் என்ற இடத்தில் ஆற்காடு என்று தமிழில் எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை.

பிறந்த இடம் ஸ்டைச் ஹால் அங்கேயிருந்து பக்கம்தான். அவர் பிறந்த பழைய வீடு இப்போது இல்லை, அதே இடத்தில் பின்னால் கட்டிய வீடுதான் நிற்கிறது. தனியார் வீடு, தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. போவிஸ் இன்னும் போகவில்லை.

குடியாத்தம் பொண்ணு (ஜூன் 19)

அங்கிள், அந்த மெத்தைகளை ஊர்ப் பெண்களே தைப்பார்கள். ஆன்ட்டியிடம் சொல்லுங்கள். ரயிலில் கிரேவன் ஆர்ம்ஸ் வரை போய் ஸ்டோக்சே கோட்டையும் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஆட்டு மயிர் வியாபாரி ஒருவர் கட்டியது. உங்கள் ஆள்!

சங்கிலி மேன் (ஜூன் 20)

ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போக வாய்ப்புக் கிடைத்தால் ஸ்டோக் ரோ கிராமம். அங்கே தண்ணீர்ப் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் காசி மகாராஜா பணம் கொடுத்து வெட்டிய கிணறு. 1864-ல் திறந்தார்கள். 4 அடி அகலம், 368 அடி ஆழம், முழுக்க முழுக்கக் கையால் தோண்டியது. மேலே மண்டபம், உள்ளே இறைக்கும் சக்கரத்துக்கு மேல் தங்க முலாம் பூசிய யானை.

பாலாற்றங்கரை (ஜூன் 20)

368 அடி கையாலா? எங்கள் தெருவில் மெஷின் வைத்து 900 அடி போட்டும் காற்றுதான் வந்தது. மருமகன் அந்த ஊர் காரில் மூன்று மணி நேரம் என்கிறார், அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்குமா என்று பார்க்கிறோம். சர்வே சார், அந்தப் பக்கத்துக்கு வேறு மேப் வாங்க வேண்டுமா, இதே போதுமா?